1971-ன் டி-55: ஓய்வுக்காலத்தில் தொடங்குபவருக்கான ஒரு 1/35 டாங்கி மாதிரி, நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வேலை இது. 1971 டிசம்பரில் நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் மேற்குப் போர்முனையில் நின்ற இந்தியத் தரைப்படையின் டி-55 டாங்கி ஒன்றை, 1/35 அளவு பிளாஸ்டிக் கிட்டிலிருந்து கட்டி, வண்ணம் பூசி, தூசி படிந்த வண்டியாக முடிக்க வேண்டும். கட்டுபவர் அறுபதைக் கடந்தவர். படிக்கக் கண்ணாடி வேண்டும், விரலில் கொஞ்சம் நடுக்கம் இருக்கலாம். காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷும் அதற்கான கம்ப்ரசரும் இல்லை. வீட்டில் ஒரு சன்னலோர மேசை இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

கை நடுங்குகிறது, கண் தெரியவில்லை என்று சொல்லித்தான் இந்த வயதில் பலர் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் கெட்டுப்போன மாதிரிகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றைக் கெடுத்தது நடுக்கமில்லை. காயாத பசைமேல் உப்புத்தாள் போட்டது, காயாத வண்ணத்தின்மேல் அடுத்த பூச்சு கொடுத்தது, கடைசியில் ஒட்ட வேண்டிய பாகத்தை முதலில் ஒட்டியது ஆகியவைதான் காரணம். வேலையின் வரிசையும் இடையில் விடும் நேரமும் சரியாக இருந்தால் போதும். ஓய்வு பெற்றவருக்கு அந்த நேரம் உண்டு. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

ஏன் இந்த வண்டி

முதல் மாதிரிக்கு 1/72 போர்விமானம் எளிது என்று சொல்வார்கள். விலை குறைவு, பாகம் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த அளவில் விமானியின் அறை விரல்நுனிக்குள் அடங்கிவிடும். கண்ணாடி மூடியில் பசை ஆவி பட்டால் வெண்மூட்டம் படியும். உடலின் நடுவே ஓடும் இணைப்புக் கோடு சிறிதும் தெரியக்கூடாது. டாங்கியில் இந்தத் தொல்லைகள் இல்லை. டி-55-ன் உண்மை அகலம் 3.27 மீட்டர், 1/35-ல் அது சுமார் 93 மி.மீ. வருகிறது. உள்ளங்கையில் பிடித்து வேலை செய்யத் தோதான அளவு. வார்ப்பு எஃகால் ஆன டரட், அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூடு, இயல்பிலேயே சொரசொரப்பாக இருக்கும் என்பதால் சிறு தேய்ப்புப் பிசகுகள் கண்ணில் படா. முழு வண்டியும் ஒரே நிறம் என்பதால் மறைப்பு டேப் ஒட்டிப் பிரிக்கும் வேலையும் கிடையாது.

1/35-ல் தாமியா, டாகோம், மினியார்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் டி-55 கிட்டுகளை வெளியிட்டிருக்கின்றன. மினியார்ட்டின் உட்புற அமைப்புடன் வரும் பெட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் கொண்டது; சங்கிலிப் பட்டையின் கண்ணிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். டி-55-க்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 90 கண்ணிகள். அருமையான கிட், ஆனால் முதல் கிட் அதுவாக இருக்கக்கூடாது. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தாமியாவின் டி-55ஏ. பாகங்கள் குறைவு, பொருத்தம் துல்லியம், பட்டை ஒரே நாடாவாக வருகிறது.

இந்திய வண்டியாகச் செய்வதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 1960-களில் சோவியத் ஒன்றியத்திலிருந்து இந்தியா டி-54, டி-55 டாங்கிகளை வாங்கியது. பாகிஸ்தானிடம் இருந்தது சீனத்தின் டைப் 59, டி-54ஏ-யின் நகல். ஜம்முவின் சம்ப் பகுதியில் 1971 டிசம்பரில் இரண்டும் எதிரெதிரே நின்றன. ஒரே உருவம், ஒரே 100 மி.மீ. பீரங்கி, தூரத்திலிருந்து நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாது. அதனால் இந்திய டாங்கிகளின் குழல் நடுவில் ஒரு போலிப் புகைவாங்கி உருளை பொருத்தினார்கள். உண்மையான புகைவாங்கி குழல் முனையில் இருக்கும். சுட்டதும் குழலில் தங்கும் வாயு டரட்டுக்குள் திரும்பாமல் வெளியே இழுப்பது அதன் வேலை. நடுவில் இருந்த உருளைக்கோ வேறு வேலை எதுவும் இல்லை, அடையாளம் காட்டுவதுதான். பெட்டியில் இல்லாத அந்த ஒரு உருளையைச் செய்து சேர்த்தால் எந்த நாட்டுக்கும் பொதுவான டி-55 ஒன்று 1971-ன் இந்திய வண்டியாகிவிடும். தொடக்கக்காரர் துணிந்து செய்யக்கூடிய மாற்றம் இது.

பார்த்துச் செய்யும் படங்களில் கவனம் வேண்டும். மகாராஷ்டிரத்தின் அகில்யாநகரில் (முன்பு அகமத்நகர்) உள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்திலும், நாடெங்கும் நினைவிடங்களிலும் வைத்திருக்கும் டாங்கிகள் வடிவத்தை அறிய உதவும். நிறத்துக்கு உதவா, மறுபடி மறுபடி பளபளப்பாக வர்ணம் அடித்து வைத்திருப்பார்கள். மேலும் இந்திய டி-55-களில் பின்னாளில் 105 மி.மீ. பீரங்கி பொருத்தப்பட்டது. அந்தக் குழலை வைத்து 1971 வண்டி செய்தால் தவறாகிவிடும். போர்க்கால, அல்லது போர் முடிந்த உடனே எடுத்த படம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அந்த ஒரே வண்டியைப் பின்பற்றுவது நல்லது. டரட் மேலே கனரக இயந்திரத் துப்பாக்கி இருக்கிறதா, பின்புறம் எரிபொருள் பீப்பாய்கள் உண்டா, முன்தகட்டின் நடுவில் துப்பாக்கித் துளை தெரிகிறதா என்ற மூன்றையும் படத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். டி-55-ல் அந்தத் துளை உண்டு, டி-55ஏ-யில் கிடையாது. படத்தில் இருந்தால் 0.5 மி.மீ. துளைமுனையால் ஒரு துளை போட்டால் முடிந்தது.

இன்னொன்று. நடுக்குழலில் உருளையைப் பார்த்ததும் இது டி-62 அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சக்கர இடைவெளியைக் காட்டுங்கள். டி-55-ல் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் பெரிய இடைவெளி, டி-62-ல் அது பின்சக்கரங்களுக்கு நடுவில்.

மேசையும் உடம்பும்

ஒரே விளக்கு போதாது. கை நிழல் வேலைமேல் விழாதபடி இடமும் வலமுமாக இரண்டு எல்இடி விளக்குகள் வேண்டும், பகல் வெளிச்ச நிறத்தில். தலையில் மாட்டும் உருப்பெருக்கியில் 2 மடங்கு போதும். படிக்கும் கண்ணாடிக்கு மேலேயே அணியலாம். 3.5 மடங்கு வாங்கினால் பாகத்தை மூக்குக்கு மிக அருகில் கொண்டுவர வேண்டிவரும், கழுத்து வலிக்கும், பிரஷ் பிடிக்க இடம் இருக்காது.

நடுக்கத்துக்கு மருந்து தாங்கல்தான். இரண்டு மணிக்கட்டும் மேசை விளிம்பில் படிய வேண்டும். பிரஷ் பிடித்த கையின் சுண்டுவிரல் மற்றக் கையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்போது இரண்டு கையும் சேர்ந்து அசையும், பிரஷும் பாகமும் விலகாது. சிறு பாகத்தை விரலால் பிடிக்காமல், பல்குத்தும் குச்சியின் நுனியில் துளி புளூடேக் (ஒட்டும் மாவு) வைத்து அதில் ஒட்டிக்கொள்ளலாம்.

மடியில் ஒரு பழைய துண்டை விரித்து, அதன் மறுமுனையை மேசை விளிம்பில் கிளிப் போட்டுவிட்டால் விழும் பாகம் தரைக்குப் போகாது. அதையும் மீறித் தரையில் விழுந்ததைத் தேடக் குனிய வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தால், சிறு பாகமும் நீள நிழல் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். தட்டை வாய் சைடு கட்டர், 11-ஆம் எண் பிளேடு போட்ட கத்தி, நேர்முனை, வளைமுனை டுவீசர் ஒவ்வொன்று, 400, 600, 1000 எண் நீர் உப்புத்தாள், 0.3 முதல் 1 மி.மீ. வரை கைத்துளைக் கருவி, வெட்டுப்பாய், துணிக் கிளிப் ஆறு. பசையில் மூன்று: பிரஷ் மூடியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட், நீர்போல ஓடும் சூப்பர் குளூ, ஃபெவிகால்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கத்தியைப் பற்றிக் கூடுதலாக யோசிக்க வேண்டும். பாகத்தைப் பிடிக்கும் கையில் வெட்டுத் தாங்கும் விரலுறை போடுங்கள், பிளேடை எப்போதும் உடம்புக்கு வெளிப்புறமாக நகர்த்துங்கள். மழுங்கிய பிளேடுதான் அதிகம் வழுக்கும், அதனால் அதை அடிக்கடி மாற்றுவது சிக்கனக் குறைவல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள் கடுமையான கரைப்பான் கலந்த லாக்கர் வகை வண்ணங்களைத் தொடவே வேண்டாம். இந்த ஆய்வில் பிரைமர் என்ற அடிப்பூச்சும், எண்பலகைத் தாளின் வார்னிஷும் மட்டும்தான் ஸ்ப்ரே. பிரைமரையும் பிரஷ்ஷால் பூசும் நீர்க்கலப்பு வகையாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் போதும், அதற்குமேல் கண் சொக்கும்.

கட்டும் வரிசை

பெட்டியிலுள்ள விளக்கத்தாளின் வரிசை, வண்ணம் பூசும் வேலையை நினைத்து எழுதப்பட்டதில்லை. முதலிலேயே சக்கரம், பட்டை, கைப்பிடி, விளக்கு எல்லாவற்றையும் ஒட்டச் சொல்லும். அப்படிச் செய்தால் பட்டைக்குப் பின்னால் பிரஷ் நுழையாது. கைப்பிடிகள் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உடையும். இந்த மாதிரியை ஆறு தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்: கீழ் உடல், பக்கத் தட்டுகளோடு மேல் உடல், டரட்டும் குழலும், சக்கரங்கள், பட்டைகள், கடைசியில் ஒட்ட வேண்டிய நொய்ந்த பாகங்கள். அந்தக் கடைசித் தொகுதியை ஒரு மாத்திரை டப்பாவின் அறைகளில் படி எண் எழுதிப் போட்டுவையுங்கள்.

முதல் வேலை, பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை வெட்டாமல் முழுதாக, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, இரவு முழுக்க உலரவிடுவது. அச்சிலிருந்து பிரிய உதவும் எண்ணெய்ப் பசை பாகத்தில் தங்கியிருந்தால் பின்னாளில் வண்ணம் உரியும்.

பாகத்தைச் சட்டத்திலிருந்து இரண்டு வெட்டில் எடுக்க வேண்டும். முதல் வெட்டு 2, 3 மி.மீ. தள்ளி, இரண்டாவது பாகத்தை ஒட்டி. ஒரே வெட்டில் எடுத்தால் அழுத்தம் பாகத்துக்குள் ஏறி வெள்ளைத் தழும்பு விழும், சில வேளை பள்ளமே பறிந்துவிடும். மிச்சமிருக்கும் முளையை 400 தாளில் இரண்டு இழுப்பு, 600-ல் இரண்டு இழுப்பு.

மெல்லிய சிமென்ட்டை ஃபெவிகால் போலத் தடவி ஒட்டக்கூடாது. முதலில் இரண்டு பாகத்தையும் பசையில்லாமல் சேர்த்துப் பிடித்து இடைவெளியில்லை என்று உறுதி செய்தபின், பிரஷ் நுனியால் இணைப்புக் கோட்டைத் தொட்டால் போதும். பசை தானாகக் கோட்டுக்குள் ஓடும். அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குகிறது. அதனால் கோட்டின்மேல் விரல் இருந்தால் பசை விரலடியில் ஊர்ந்து கைரேகையைப் பதித்துவிடும். தொடக்கக்காரர்களின் மாதிரிகளில் அதிகம் காணப்படும் வடு இதுதான்.

அரைமணியில் கையாளலாம். ஆனால் தேய்ப்பதற்கு ஒரு முழு நாள் விட வேண்டும், டரட்டின் இரண்டு ஓடுகள் சேரும் இடத்துக்கு இரண்டு நாள். காரணம் இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக்கில் கரைப்பான் தங்கியிருக்கும்வரை அது கொஞ்சம் உப்பி நிற்கும். அப்போதே தேய்த்துச் சமமாக்கினால், மீதிக் கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் சுருங்கி உள்வாங்கும். வண்ணம் பூசி ஒரு வாரம் கழித்து, இல்லாத கோடு ஒன்று திரும்பத் தோன்றும். இடைவெளி அடைக்கும் புட்டிப் பசை சரியில்லை என்று நினைப்பார்கள். புட்டி என்ன செய்யும்?

டரட்டின் கோட்டைத் தேய்க்கும்போது வார்ப்புச் சொரசொரப்பும் போய் அங்கே மட்டும் வழவழப்பாகிவிடும். மெல்லிய சிமென்ட்டை அந்த வழவழப்பான இடத்தில் தடவி, பத்து வினாடி கழித்துப் பழைய பல்துலக்கியால் செங்குத்தாகக் குத்தினால் சொரசொரப்பு திரும்பும்.

அடுத்து சக்கரத் தண்டுகள். பத்து சக்கரங்களும் தரையைத் தொட வேண்டும். ஒன்று அரை மி.மீ. தூக்கினாலும் வண்டி கனமற்ற பொம்மையாகத் தெரியும். தண்டுகளை ஒட்டியதும், பசை இளகியிருக்கும்போதே சக்கரங்களைப் பசையின்றி மாட்டி, ஒரு கிரானைட் துண்டின்மேல் அல்லது கண்ணாடித் தகட்டின்மேல் நிறுத்தி, உடலுக்குள் நாலைந்து பென்சில் பேட்டரிகளை எடையாக வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒரு தாளைச் சக்கரத்துக்கு அடியில் நுழைத்துப் பார்த்தால் எது தொடவில்லை என்று தெரியும். அந்தத் தண்டின் மூட்டில் மட்டும் மறுபடி சிமென்ட் தொட்டு, இளகியதும் அழுத்திச் சரிசெய்யலாம். வலிந்து வளைத்து ஒட்டினால் அந்த இழுவிசை பிளாஸ்டிக்குள்ளேயே தங்கிவிடும். அதன் விளைவு, கழுவு எனப்படும் மிக நீர்த்த இருண்ட வண்ணத்தைப் பூசும்போது தெரியவரும்.

போலி உருளை

இந்த மாதிரிக்கு உயிர் இங்கேதான். குழலில் இணைப்புக் கோடு இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். தாளால் தட்டையாகத் தேய்த்தால் குழல் முட்டை வடிவமாகும். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டிவிட்டு, உப்புத்தாளை ஷூ துடைக்கும் துணி போலக் குழலைச் சுற்றி இழுக்க வேண்டும்.

உருளையின் இடத்தையும் நீளத்தையும் பக்கவாட்டிலிருந்து நேராக எடுத்த படத்தில் அளந்துகொள்ளுங்கள். படத்தில் டரட் முகப்பிலிருந்து குழல் முனை வரை எத்தனை மி.மீ., உருளையின் இரு விளிம்பும் எத்தனையாவது மி.மீ.யில் என்று குறித்து, அதே விகிதத்தை மாதிரியின் குழலில் போட வேண்டும். சாய்ந்து எடுத்த படத்தில் இந்தக் கணக்குப் பொய்த்துப்போகும், கிட்டத்து முனை நீளமாகத் தெரியும்.

உருளையைச் செய்ய 0.13 மி.மீ. பிளாஸ்டிக் தகடு நல்லது. உருளை அகலத்துக்கு ஒரு நாடா வெட்டிக் குழலைச் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்பது கணக்குத்தான். குழல் விட்டம் 4.5 மி.மீ., உருளை 6.5 மி.மீ. வேண்டும் என்று வையுங்கள். சுவர்த் தடிப்பு 1 மி.மீ.; 0.13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8 சுற்று. சராசரி விட்டம் 5.5, சுற்றளவு 17.3, எட்டுச் சுற்றுக்குச் சுமார் 14 செ.மீ. நாடா. தொடக்க முனையைச் சிமென்ட்டால் ஒட்டிப் பத்து நிமிடம் விட்டபின், ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒரு தொடு பசை வைத்து இறுக்கிச் சுற்றிக்கொண்டே போகலாம். பசை அதிகமானால் தகடு மொத்தமும் இளகி நெளிந்துவிடும். நாடாவின் ஓரம் நேராக இல்லாவிட்டால் சுருள் ஒரு பக்கமாக நழுவும். அதற்காக நாடாவைக் கூடுதல் அகலமாக வெட்டாதீர்கள். வெட்டும்போதே இரும்பு அளவுகோல் வைத்து, மூன்று மெல்லிய இழுப்பில் வெட்டுங்கள்.

சுற்றி முடித்ததும், கடைசி முனை குழலின் அடிப்பக்கம் வரும்படி வெட்டி ஒட்டினால் தழும்பு கண்ணில் படாது. ஒரு நாள் கழித்து விளிம்புகளைப் படத்தில் உள்ளபடி சரிவாகத் தேய்த்து, அடுக்குக் கோடுகளைப் புட்டியால் அடைத்து 1000 தாளில் முடிக்கலாம். தகடு கிடைக்காதவர்கள் மறைப்பு டேப்பைச் சுற்றிச் சூப்பர் குளூவில் ஊறவிட்டும் செய்யலாம். வேலை நடக்கும், ஆனால் தேய்க்கும்போது நார் எழும்பும். குழல் முனையிலுள்ள அசல் உருளையைத் தொட வேண்டாம்.

வண்ணம்

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே டின்னைத் திறக்கக்கூடாது. காற்றில் ஈரம் மிகுந்தால், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து பூச்சு வெளுக்கும். சித்திரை வெயிலில் நேர்மாறு: துளி மாதிரியைத் தொடுமுன்பே காய்ந்து மணல் போல் ஒட்டும். மழையில்லாத நாளின் காலை ஏழிலிருந்து ஒன்பது நல்ல நேரம். 20 முதல் 25 செ.மீ. தூரம், மாதிரிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் வீச்சு, மூன்று மெல்லிய பூச்சு, இடையில் கால்மணி. சாம்பல் பிரைமர் உலர்ந்ததும் விட்டுப்போன கோடுகளும் கைரேகைகளும் அப்பட்டமாகத் தெரியும். திருத்த அதுதான் கடைசி வாய்ப்பு.

பிரஷ் வேலைக்கு வலேஹோ மாடல் கலர் வகை ஏற்றது. தாமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷுக்கு உயர்வானது. பிரஷ்ஷால் பூசினால் இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுத்து வரும். அடிநிறத்துக்கு 893 யு.எஸ். டார்க் கிரீன் எட்டுத் துளி, 887 பிரவுன் வயலட் இரண்டு துளி, நீர் மூன்று நான்கு துளி. இந்த விகிதத்தில் முழு வண்டிக்கும் தேவையானதை ஒரே சமயத்தில் ஒரு காலிச் சீசாவில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் அதே நிறம் இரண்டாம் முறை வராது.

10 மி.மீ. தட்டைப் பிரஷ், அதன் நுனி மட்டும் வண்ணத்தில். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அடிச்சாம்பல் தெரிய, கேவலமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அதை மூடத் தடிப்பாகப் பூசினால் கட்டி தட்டிய இடத்தில் தழும்பு நின்றுவிடும். இரண்டு மணி நேரம் விட்டு இரண்டாவது, மறுநாள் மூன்றாவது. ஒரு இடத்தில் இழுத்தபின் திரும்பப் போகக்கூடாது. பாதி காய்ந்த தோலைப் பிரஷ் கிழிக்கும்.

சரியான அசல் நிறத்தையே பூசினாலும் இந்தச் சிறிய உருவில் அது இருண்டு தெரியும். மூன்றாம் பூச்சு உலர்ந்தபின், மீதக் கலவையில் 886 கிரீன் கிரே இரண்டு துளி சேர்த்து, வெயில் நேரே விழும் மேல்பரப்புகளில் மட்டும், தட்டுகளின் நடுவில் மெல்லப் பூசினால் வண்டிக்கு வடிவம் வரும். பக்கவாட்டை விட்டுவிடுங்கள்.

ரப்பர் விளிம்புச் சக்கரங்களுக்கு ஓர் எளிய வழி: வட்டத் துளைகள் கொண்ட வரைபட ஸ்டென்சிலில் சக்கர நடுப்பகுதியின் அளவுத் துளையை வைத்து நடுவைப் பச்சை பூசலாம், கை நடுங்கினாலும் வண்ணம் துளையைத் தாண்டாது. கருப்பை அப்படியே பூசாமல் கொஞ்சம் பழுப்புச் சாம்பல் கலந்தால் ரப்பராகத் தெரியும்.

எண்பலகை

பெட்டியில் வரும் டீகால் தாள் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சு எழுத்துகள்) நமக்கு உதவாது. இந்திய எண்பலகை கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறிக்கு வெள்ளை மை கிடையாது. அதனால் வெள்ளை அடித்தள டீகால் தாளை வாங்கி, கருப்புக் கட்டத்தை அச்சிட்டு, எழுத்தை வெற்றிடமாக விட வேண்டும். 100 மி.மீ. உயர எழுத்து 1/35-ல் 2.9 மி.மீ. ஆகும். கணினியில் நான்கு மடங்காக வரைந்து, அச்சிடும்போது 25 சதவீதமாகச் சுருக்கினால் ஓரங்கள் கூராக வரும்.

அச்சிட்டதும் ஒரு நாள் உலரவிட்டு, பளபளப்பு வார்னிஷை மூன்று மெல்லிய ஸ்ப்ரேயாகக் கொடுக்க வேண்டும். விட்டால் நீரில் போட்டதும் மை கரைந்து ஓடும். வெள்ளைத் தாளின் வெட்டு விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதைக் கருப்பு மார்க்கரின் பக்கவாட்டால் தொட்டு மறைக்கலாம்.

ஒட்டும் இடம் மங்கலாக இருந்தால் டீகாலுக்கு அடியில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் தங்கி வெள்ளி போல மின்னும். முதலில் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டீகால், மேலே மைக்ரோ சால் போன்ற இளக்கும் திரவம். திரவம் பட்டதும் டீகால் சுருங்கிச் சுருக்கம் விழும். பயந்து தொட்டால் கிழியும். விட்டுவிட்டால் தானே இழுத்துக்கொண்டு படியும்.

கழுவு, பட்டை, தூசி

இருண்ட கழுவு என்பது எண்ணெய் வண்ணம்: பர்ன்ட் அம்பர் ஒரு பங்கு, அதில் கருப்பு ஒரு நுனி, மணமற்ற ஒயிட் ஸ்பிரிட் பத்துப் பங்கு. மூலைகளிலும் தகட்டு இணைப்புகளிலும் மட்டும் 0 எண் பிரஷ் நுனியால் தொட வேண்டும். முழு வண்டியையும் குளிப்பாட்டக்கூடாது. அடிப்புறச் சக்கரத் தண்டுகளின் அருகில் சொட்டுகூடத் தேங்கவிடாதீர்கள். இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குள் ஒயிட் ஸ்பிரிட் ஊறினால் நுண்விரிசல் கண்டு, தண்டு ஓசையில்லாமல் முறிந்து கையில் வரும். வண்ணம் பூசாத பரப்பிலும், வலிந்து வளைத்து ஒட்டிய இடத்திலும்தான் இது அதிகம். சக்கரப் பகுதிக்கு நீர்க்கலப்புக் கழுவைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

டி-55-க்கு மேல் உருளைகள் கிடையாது. பட்டையின் மேல்பகுதி சக்கரங்களின்மேலேயே படுத்திருக்கும், முன்னும் பின்னும் தொய்ந்து ஏறும். கிட்டின் நாடாவை அப்படியே மாட்டினால் அது வீணைக் கம்பி போல விறைத்து நிற்கும். எவ்வளவு நன்றாக வண்ணம் பூசினாலும் அந்த ஒரு பிழை வண்டியைக் காட்டிக்கொடுக்கும். பட்டையைத் தனியாக வண்ணம் பூசி, மாட்டி, மேல்பகுதியை இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சக்கரங்களின் உச்சியில் ஒரு துளி சூப்பர் குளூ வைத்து அழுத்தி, பக்கத் தட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் ஸ்பாஞ்சுத் துண்டு செருகி ஒரு மணி நேரம் விட வேண்டும். நாடா குட்டையாக இருந்து இழுத்து மாட்டினால் முன்சக்கரத்தை உள்நோக்கிச் சாய்த்துவிடும். முன்சக்கர அச்சை முன்கூட்டியே ஒட்டாமல் வைத்திருந்தால் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். எந்தப் பசை பிடிக்கும் என்பதை நாடாவின் உட்புற ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். சில நாடாக்களைச் சிமென்ட் பிடிக்கும், பழைய வினைல் வகையைப் பிடிக்காது.

தூசிக்கு மங்கல் வார்னிஷ் பூசியபின் நிறத்தூள். சம்ப் பக்கத்துக்கு வெளிர் பழுப்பில் சாம்பல் கலந்த தூள், சக்கரத்திலும் பக்கத் தட்டின் கீழ்ப்பகுதியிலும் அதிகம், டரட்டில் காலடி படும் இடங்களில் மட்டும். ஒயிட் ஸ்பிரிட் சொட்டி நிலைப்படுத்தினால் ஈரத்தில் இருண்டு, போதவில்லை என்று தோன்றும். அந்த நிமிடத்தில் இன்னும் தூவினால் மறுநாள் காலையில் வண்டி மாவு மூட்டைக்குள்ளிருந்து வந்ததுபோல் வெளுத்து நிற்கும். ஒரு தடவை தூவி, காய்ந்தபின் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாத்திரை டப்பாவில் காத்திருக்கும் கைப்பிடிகள், விளக்குகள், கொக்கிகள் இப்போது வரலாம். சிமென்ட் படும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டிப் பிளாஸ்டிக்கை வெளிக்காட்ட வேண்டும். விளக்குக் கண்ணாடிகளுக்கு ஃபெவிகால். அது ஆவி விட்டு மூட்டம் போடாது, காய்ந்தால் தெரியாது.

பெட்டிக்குள்

வீட்டுத் தூசியை மாதிரியிலிருந்து துடைக்க முடியாது, துடைத்தால் நிறத்தூளும் போகும். ஆகவே அக்ரிலிக் பெட்டி தேவை. குழலை முன்னோக்கி வைத்து அளந்து, நான்கு பக்கமும் 3 செ.மீ. விட்டு வாங்குங்கள். முடித்த கையோடு மூடிவிட வேண்டாம். எண்ணெய்க் கழுவும் வார்னிஷும் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும், அது பெட்டியின் உள்முகத்தில் மூட்டமாகப் படியும். இரண்டு வாரம் மெல்லிய துணியால் மூடிவைத்து, பிறகு பெட்டி. மேற்குச் சன்னல் வெயில் படும் அலமாரி வேண்டாம். பழைய வகை வினைல் பட்டையாக இருந்தால், அதிலிருந்து கசியும் மென்மையாக்கி எண்ணெய் வெப்பத்தில் சக்கரங்களை ஆண்டுக்கணக்கில் அரித்துக் குழைத்துவிடும். சக்கரத்தைச் சுற்றிலும் வண்ணமும் வார்னிஷும் முழுமையாகப் பூசியிருந்தால் இந்த அரிப்பு தாமதமாகும்.